நீதிமன்றத்துக்கு வந்த அயலார்: அமெரிக்கக் குழந்தைப் பாதுகாப்பில் தன்னார்வலர்கள்

பெற்றோரோ வளர்ப்போரோ குழந்தையை அடித்துத் துன்புறுத்தினால், அல்லது உணவும் உடையும் கவனிப்பும் தராமல் புறக்கணித்தால், அக்குழந்தையின் சார்பில் நீதிமன்றத்தில் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கவில்லை. நீதிபதிகளின் தீர்ப்புகள் வழியாகக் காலப்போக்கில் திரண்ட ஆங்கிலப் பொதுச்சட்ட மரபு, பிள்ளையைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தந்தைக்கு வழங்கி, அந்தத் தண்டனை எல்லை மீறினால் அது குற்றம் என்றும் கூறியது. ஆனால் எல்லை மீறியதைக் கண்டு புகார் செய்யவேண்டியவர் யார், புகாருக்குப் பின் குழந்தை எங்கே போய் வாழும் என்பவற்றை அது வகுத்துச் சொல்லவில்லை. காவல்துறைக்கு வீட்டுக்குள் நுழையத் தயக்கம் இருந்தது; ஏழைகளைப் பராமரிக்கும் நகர நிர்வாகத்துக்கோ குழந்தை என்பது குறைந்த செலவில் எங்காவது ஒப்படைக்கப்பட வேண்டிய ஒரு சுமை. இந்த இடைவெளிக்குள் முதலில் காலெடுத்து வைத்தவர்கள் ஊதியம் பெறாத, உறவு இல்லாத அயலார்தான். 1874-இல் நியூயார்க்கிலும், 1899-இல் சிகாகோவிலும், 1977-இல் சியாட்டிலிலும் அவர்கள் முன்னே நடந்தனர், சட்டம் பின்னே வந்தது. அவர்களுக்கு அதிகாரம் கூடிய காலங்களில் அவர்கள் காவலர்களைப் போலவோ அரசு ஊழியர்களைப் போலவோ மாறிப்போனதும், அதிகாரம் குறைத்து வைக்கப்பட்டபோது அவர்களால் பயன் கூடியதும் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணக்கிடைப்பவை.

ஆதரவற்ற குழந்தைகளை ஒப்பந்தப் பத்திரம் எழுதி ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் குடியேற்றக் காலத்திலிருந்தே அமெரிக்காவில் இருந்துவந்தது. குறிப்பிட்ட வயதுவரை குழந்தை அந்த வீட்டில் வேலை செய்யவேண்டும், வீட்டார் அதற்கு உணவும் உறைவிடமும் ஓரளவு கல்வியும் தரவேண்டும் என்பது ஏற்பாடு. 1853-இல் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற இளம் மதபோதகர் நியூயார்க்கில் நிறுவிய குழந்தைகள் உதவிச் சங்கம், பத்திரம் எழுதும் முறையைக் கைவிட்டு, நகரத் தெருக்களில் திரிந்த சிறுவர் சிறுமியரை ரயிலேற்றி நாட்டின் உட்பகுதியிலிருந்த பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் என்ற சிற்றூருக்குச் சென்ற முதல் குழுவில் தொடங்கி 1929 வரை நீடித்த இந்த முறையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இடம்பெயர்ந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. வரலாறு இவற்றை அநாதை ரயில்கள் என்று அழைத்தாலும், அவற்றில் சென்ற பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். ரயில் நிற்கும் ஒவ்வோர் ஊரிலும் கடைக்காரர், வங்கியாளர், மதபோதகர் போன்ற உள்ளூர்ப் பெருமக்கள் சிலர் குழுவாகக் கூடி, குழந்தை கேட்டு வருவோர் தகுதியானவரா என்று பார்த்துச் சொன்னார்கள். குழந்தைகளுக்காக ஊரார் ஊதியமின்றிச் செய்த மேற்பார்வையின் தொடக்க வடிவங்களில் ஒன்றாக இதைக் கொள்ளலாம். ஆனால் அண்டை அயலாரைப் பற்றி அண்டை அயலாரே முடிவு சொல்லவேண்டிய நிலையில் மறுப்பது எளிதாக இல்லை என்பதும், ரயில் போனபின் குழந்தையை யார் போய்ப் பார்ப்பது என்பது தெளிவாக வகுக்கப்படவில்லை என்பதும் அந்த முறையின் அடிப்படைக் குறைகள். கத்தோலிக்கக் குழந்தைகள் புராட்டஸ்டண்டு வீடுகளுக்குப் போய்ச் சேருகிறார்கள் என்ற மனக்குறையும் வளர்ந்தது. 1869-இல் நியூயார்க்கில் கத்தோலிக்கக் கன்னியர் ஓர் இல்லத்தைத் திறந்து, கைவிடப்படும் சிசுக்களுக்காக வாசலில் ஒரு தொட்டிலை வைத்தனர். 1992-இல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

குழந்தைக் கொடுமையைப் பொது விவகாரமாக ஆக்கிய வழக்கு 1874 ஏப்ரலில் நியூயார்க் நீதிமன்றத்துக்கு வந்தது. மேரி எலன் வில்சன் என்ற சிறுமியின் தந்தை உள்நாட்டுப் போரில் இறந்தவர். தாய் குழந்தையைப் பணம் கொடுத்து வேறொருத்தியிடம் விட்டு வேலைக்குப் போனவர். பணம் நின்றதும் குழந்தை நகர அறநிலையத் துறையின் கைக்கு வந்தது. அத்துறை 1866-இல் ஒப்பந்தப் பத்திரம் எழுதி ஒரு தம்பதியிடம் அதை ஒப்படைத்தது. கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்ட அந்தப் பெண், மேரி கானலி, சிறுமியைப் பல ஆண்டுகள் அறைக்குள் அடைத்துவைத்துச் சாட்டையால் அடித்துவந்தார். குழந்தையின் நிலைபற்றி ஆண்டுதோறும் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தும் மேற்பார்வை பெயரளவுக்கே நடந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவருக்கு அப்பால் இருந்தவர்களுக்குச் செய்தி தெரிந்திருந்தது. செய்தியை வெளியே கொண்டுபோக அவர்களுக்கு வழி தெரியவில்லை.

வழி தேடியவர் எட்டா வீலர். மெதடிஸ்ட் சபையின் சார்பில் அப்பகுதி ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வந்த இவருக்கு யாருடைய வீட்டுக் கதவையும் தட்டித் திறக்கச்சொல்லும் சட்ட உரிமை எதுவும் கிடையாது. பக்கத்து அறையில் நோயுற்றுக் கிடந்த ஒரு பெண்ணுக்கு உதவி கேட்பதுபோல் அவர் கானலியின் வீட்டுக்குள் நுழைந்து, சிறுமியின் கை கால்களில் இருந்த தழும்புகளைக் கண்ணால் கண்டார். காவலர்கள் சான்று கேட்டார்கள். அறச்சங்கங்கள், குழந்தை சட்டப்படி தங்களிடம் வந்தால் பார்த்துக்கொள்வதாகக் கூறின. கொடுமையை நிரூபிக்கக் குழந்தை வெளியே வரவேண்டும், குழந்தை வெளியே வரக் கொடுமை நிரூபிக்கப்படவேண்டும் என்ற இந்தச் சுழலில் மாதங்கள் கழிந்தபின், விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்தை 1866-இல் நிறுவியிருந்த ஹென்றி பெர்க்கிடம் வீலர் முறையிட்டார். பெர்க்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெரி, ஒருவரின் பிடியில் சட்டத்துக்குப் புறம்பாக வைக்கப்பட்டிருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் செய்யும் ஆட்கொணர்வுச் சட்டத்தில் அதிகம் பயன்படாத ஒரு பிரிவைக் கண்டெடுத்து, நீதிபதி ஆபிரகாம் லாரன்ஸிடம் ஆணை பெற்றார். கம்பளியில் சுற்றித் தூக்கிவரப்பட்ட சிறுமி, தன் வாயாலேயே சாட்சியம் சொன்னாள். கானலிக்கு ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மேரி எலன் வீலரின் உறவினர் வீட்டில் வளர்ந்து, மணம் புரிந்து, தம் மகள்களில் ஒருத்திக்கு எட்டா என்று பெயரிட்டு, 1956 வரை வாழ்ந்தார்.

சிறுமியையும் ஒரு விலங்காகக் கருதி விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மீட்டார்கள் என்று இந்த வழக்கைப் பற்றி ஒரு கதை இன்றளவும் நூல்களிலும் மேடைகளிலும் சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. பெர்க் தம் சங்கத்தின் தலைவராக அல்லாமல் தனிமனிதராகவே முறையிட்டதாக நீதிமன்றத்தில் தெரிவித்தார். பயன்பட்டதும் மனிதருக்குரிய ஆட்கொணர்வுச் சட்டமே. கதை இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம், அதில் அடங்கிய ஏளனம் நியாயமானதாக இருப்பதுதான்: குதிரையைக் காக்க ஒரு சங்கம் இயங்கிய நகரில் குழந்தையைக் காக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் குறை 1874 டிசம்பரில் நீங்கியது. கெரி முன்னின்று உருவாக்கிய நியூயார்க் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கம் அடுத்த ஏப்ரலில் சட்டப்படி பதிவு பெற்றது. இத்தகைய பணிக்கென்றே அமைந்த சங்கங்களில் உலகில் முதலாவதாக இது கருதப்படுகிறது. நகரின் செல்வர்களும் வழக்கறிஞர்களும் நன்கொடையும் நேரமும் தந்தார்கள். வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் வேலையைச் சங்கம் அமர்த்திய முகவர்கள் செய்தார்கள். நியூயார்க்குக்கு வந்து இந்தப் பணியைக் கண்ட லிவர்பூல் வணிகர் தாமஸ் ஆக்னியூ 1883-இல் தம் ஊரில் ஒரு சங்கத்தைத் தொடங்க, மறு ஆண்டு லண்டனிலும் ஒன்று தோன்றியது. அதன் செயலர் பெஞ்சமின் வாவின் இடைவிடாத முயற்சியால் 1889-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குழந்தைக் கொடுமைக்கு எதிரான முதல் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் 1922 அளவில் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழ 300 இருந்தன.

கெரியின் சங்கத்துக்கு மாநிலச் சட்டம் தந்த அதிகாரம் சாதாரணமானதன்று. அதன் முகவர்கள் புகார் பதிந்தார்கள், வழக்கு நடத்தினார்கள், கைது செய்தார்கள். அவர்கள் பணியைத் தடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. தனியார் சங்கம் ஒன்று காவல்துறையின் ஒரு கிளைபோல் ஆனது. ஏழைக் குடியிருப்புகளில் தாய்மார் அதைக் கொடுமை என்ற ஒற்றைச் சொல்லாலேயே குறிப்பிட்டுப் பிள்ளைகளை அச்சுறுத்தினார்கள்: கொடுமையைத் தடுக்க வந்த சங்கத்துக்குக் கொடுமையே பெயராகிவிட்டது. மது, தெருவில் பொருள் விற்கும் சிறுவர், இசைக்கருவி வாசித்துப் பிச்சையெடுக்கும் இத்தாலியப் பிள்ளைகள், மேடையில் நடிக்கும் குழந்தைகள் எனச் சங்கம் கைவைத்த துறைகளைப் பார்த்தால், கொடுமை எது, வறுமை எது, வேற்று நாட்டுப் பழக்கம் எது என்பவற்றை அது எப்போதும் பிரித்தறிந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் வறியவர்கள் இதில் வெறும் இரையாக மட்டும் இருந்தார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. பாஸ்டன் நகரச் சங்கங்களின் வழக்குக் கோப்புகளை ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் லிண்டா கார்டன், அடிபட்ட மனைவியரும் அண்டை வீட்டாரும் சில நேரங்களில் குழந்தைகளுமே சங்கத்தைத் தேடிவந்து உதவி கேட்டதையும், சங்கத்தின் அதிகாரத்தைத் தங்கள் தேவைக்கேற்பத் திருப்ப முயன்றதையும் எடுத்துக்காட்டினார். மாசசூசெட்ஸ் சங்கம் 1907-க்குப்பின் சி.சி. கார்ஸ்டன்ஸின் தலைமையில் கெரியின் வழியிலிருந்து விலகி, குழந்தையைப் பிரிப்பதற்கு முன் குடும்பத்தைச் சீர்செய்ய முயலவேண்டும் என்ற கொள்கைக்கு மாறியது. இரு சங்கங்களுக்கும் இடையே எழுந்த அந்தக் கருத்துப் போர் இன்றும் வேறு பெயர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வெள்ளையர் சங்கங்களின் கதையோடு நிறுத்திக்கொள்வது இந்த வரலாற்றின் பாதியை விட்டுவிடுவதாகும். கறுப்பினக் குழந்தைகளைப் பெரும்பாலான இல்லங்கள் ஏற்கவில்லை. குவேக்கர் சமயப் பெண்கள் 1836-இல் நியூயார்க்கில் அவர்களுக்கென நிறுவிய இல்லம், 1863 ஜூலையில் கட்டாயப் படைச்சேர்ப்புக்கு எதிராக எழுந்த கலவரத்தில் எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிர் தப்பினர். தெற்கே அட்லாண்டாவில், அடிமையாகப் பிறந்து பின்னர் ரயில் நிலையத்தில் பணிப்பெண்ணாக வேலை செய்த கேரி ஸ்டீல், நிலையத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளைப் பகலில் காலிச் சரக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டு, இரவில் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வீடு போதாமல் போனபோது அதை விற்று, தம் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி அதையும் விற்று, நன்கொடை திரட்டி, 1888-இல் அவர் தொடங்கிய இல்லம் பெயர் சற்று மாறி இன்றும் இயங்குகிறது. அவருக்குச் சட்டம் தந்த அதிகாரம் எதுவும் இல்லை. அவரைக் கொடுமை என்று யாரும் அழைத்ததாகவும் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தன்னார்வலரின் இன்னொரு வடிவம் உருவானது; அதன் வேர் இன்னும் பழையது. பாஸ்டன் நகரச் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸ் 1841-இல் குடிப்பழக்கத்துக்காகக் கைதான ஒருவருக்குப் பிணை நின்று, அவரைத் திருத்தி மீண்டும் நீதிபதியின் முன் நிறுத்தியதில் தொடங்கி, 1859-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 2,000 பேருக்குப் பிணை நின்றார். அவர்களுள் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். தண்டனையை நிறுத்திவைத்து ஒருவரின் கண்காணிப்பில் விடும் நன்னடத்தைக் கண்காணிப்பு முறையின் மூலவராக அவரைக் குறிப்பிடுவர். 1899 ஜூலை முதல் தேதி சிகாகோவில் நடைமுறைக்கு வந்த உலகின் முதல் சிறார் நீதிமன்றம் இந்த முறையையே தன் அடித்தளமாகக் கொண்டது. பெற்றோர் கடமை தவறும்போது அரசே பெற்றோரின் இடத்தில் நிற்கும் என்ற பழைய ஆங்கிலக் கோட்பாட்டை அது எடுத்தாண்டு, குற்றம் செய்த சிறுவரையும் புறக்கணிக்கப்பட்ட சிறுவரையும் ஒரே நீதிபதியின் முன் கொண்டுவந்தது. லூசி ஃபிளவர், ஜூலியா லாத்ராப், ஹல் ஹவுஸ் இல்லத்தின் ஜேன் ஆடம்ஸ் முதலிய பெண்கள் போராடிப் பெற்ற அந்தச் சட்டம் நன்னடத்தை அலுவலரை நியமிக்க அனுமதித்ததே தவிர, அரசுக் கருவூலத்திலிருந்து அவருக்கு ஊதியம் தரக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஆகவே முதல் அலுவலர்களில் ஒருவரான அல்ஸினா ஸ்டீவன்ஸ் போன்றோரின் ஊதியத்தைப் பெண்கள் சங்கங்களே வீடுதோறும் திரட்டித் தரவேண்டியிருந்தது. உலகம் பின்பற்றிய ஒரு நீதிமன்றம் தன் தொடக்க ஆண்டுகளில் நன்கொடையில் நடந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி. இங்கிலாந்தின் 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இதே கருத்துகளைக் கைக்கொள்ள, இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் 1920-இல் குழந்தைகள் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் நன்னடத்தை அலுவலர் என்ற பதவி வந்து சேர்ந்த வழி இதுவே.

அடுத்த அரை நூற்றாண்டில் தன்னார்வலர் மெல்ல வெளியேறினார். 1909-இல் வெள்ளை மாளிகையில் கூடிய மாநாடு, வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. 1912-இல் மத்திய அரசு குழந்தைகள் பணியகத்தை நிறுவி லாத்ராப்பைத் தலைவராக்கியது. சமூகப் பணி பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோரின் தொழிலாயிற்று. 1930-களின் பெருமந்தத்தில் நன்கொடைகள் வற்றிச் சங்கங்கள் பல மூடப்பட்டன. 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைநலப் பணிகளுக்கு அரசு நிதியைக் கொண்டுவந்தது. இவை நல்ல மாற்றங்களே. ஆனால் பழைய சங்கங்கள் மறைந்த இடங்கள் பலவற்றில் அரசின் அமைப்பு உடனே வந்து அமரவில்லை. குழந்தைக் கொடுமை என்ற பேச்சே பொதுவெளியில் ஏறத்தாழ அடங்கிப்போனது.

பேச்சு மீண்டும் எழுந்தது எக்ஸ்-ரே படங்களிலிருந்து. கைக்குழந்தைகளின் மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவும் கை கால் எலும்புகளில் முறிவுகளும் ஒருங்கே காணப்படுவதை ஜான் காஃபி என்ற மருத்துவர் 1946-இலேயே எழுதியிருந்தார். 1962-இல் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய காயங்கள் பல பெற்றோர் கையால் நேர்ந்தவை என்று வெளிப்படையாகச் சொன்னது. ஐந்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும், மருத்துவரும் ஆசிரியரும் போன்றோர் தமக்கு ஐயம் எழுந்தால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற கட்டாயப் புகார்ச் சட்டங்களை இயற்றின. 1974-இல் 60,000 அளவில் இருந்த புகார்கள் 1980-இல் பத்து லட்சத்தைத் தாண்டின. கொடுமை இந்த ஆறாண்டுகளில் இத்தனை மடங்கு பெருகியிருக்க முடியாது. பெருகியது சொல்லும் வாய்களின் எண்ணிக்கை. அந்தப் புகார்களில் ஒரு பகுதி நீதிமன்றத்துக்குப் போனபோது, அங்கே பெற்றோருக்கு வழக்கறிஞர் இருந்தார், அரசுத் துறைக்கு வழக்கறிஞர் இருந்தார், குழந்தைக்கு மட்டும் யாரும் இருக்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்ட சிறுவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல் கால்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. கொடுமைக்கு உள்ளான குழந்தைக்கு அத்தீர்ப்பு பொருந்தவில்லை. 1974 ஜனவரியில் கையெழுத்தான குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டம், மத்திய அரசின் நிதி வேண்டும் மாநிலங்கள் இத்தகைய ஒவ்வொரு வழக்கிலும் குழந்தைக்கு ஒரு வழக்குக் காப்பாளரை நியமிக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. வழக்குக் காப்பாளர் என்பவர், தன் சார்பில் தானே வழக்காட இயலாத ஒருவருக்காக அந்த ஒரு வழக்கின் அளவுக்கு மட்டும் நீதிமன்றம் நியமிக்கும் ஆள். குழந்தையை வளர்க்கும் பொறுப்போ சொத்தின் பொறுப்போ அவருக்கு இல்லை. அந்த ஆள் யாராக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெரும்பாலான ஊர்களில் நீதிமன்ற வராந்தாவில் நின்ற வழக்கறிஞர் ஒருவர் குறைந்த கட்டணத்துக்கு நியமிக்கப்பட்டு, குழந்தையை ஒருமுறை சந்திக்கவும் நேரமின்றி, கோப்பைப் புரட்டிவிட்டு எழுந்து பேசினார்.

சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் (கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கு இணையான பிரிவு) சிறார் வழக்குகளை விசாரித்த நீதிபதி டேவிட் சூகப், குழந்தையைத் தாயிடம் அனுப்புவதா, அந்நியரிடம் அனுப்புவதா என்ற முடிவைச் சில பக்க அறிக்கையையும் சில நிமிட வாதத்தையும் வைத்துக்கொண்டு எடுக்க நேர்ந்ததால் உறக்கம் இழந்ததைப் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். சமூகப் பணியாளரின் கையில் ஏராளமான கோப்புகள் இருந்தன. ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டு வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அவர் எண்ணினார். ஊரில் இதற்கு முன்வருபவர் உண்டா என்று அறிய அவர் ஏற்பாடு செய்த மதிய உணவுக் கூட்டத்துக்கு நாலைந்து பேர் வந்தாலே பெரிது என்றிருந்த இடத்தில் ஏறத்தாழ 50 பேர் வந்தனர். 1977 ஜனவரியில் திட்டம் தொடங்கியது. கார்மன் ரே-பெட்டினெஸ்கி அதன் முதல் இயக்குநரானார். முதல் ஆண்டில் பயிற்சி பெற்ற 110 தன்னார்வலர்கள் 376 வழக்குகளில் 498 குழந்தைகளுக்காக நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

நீதிமன்றம் நியமித்த சிறப்புச் சார்பாளர் என்று பின்னர் பெயர் பெற்ற இந்தத் தன்னார்வலரின் கடமை, செய்யக்கூடியவற்றைக் காட்டிலும் செய்யக்கூடாதவற்றால்தான் நன்கு விளங்கும். அவர் குழந்தையைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்லக்கூடாது. பணம் கொடுத்துக் குடும்பத்தின் சிக்கலைத் தீர்க்கக்கூடாது. தெரிந்ததை வெளியே பேசக்கூடாது. யாரையும் கைது செய்யவோ குழந்தையைப் பிரிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. குற்றப் பின்னணிச் சோதனைக்கும் சுமார் 30 மணி நேரப் பயிற்சிக்கும்பின் நீதிபதியின் முன் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு குழந்தையின் அல்லது ஒரு வீட்டுப் பிள்ளைகளின் வழக்கை மட்டும் அவர் ஏற்கிறார். நீதிமன்ற ஆணையின் பலத்தில் பள்ளிப் பதிவேட்டையும் மருத்துவக் குறிப்பையும் பார்க்கிறார்; பெற்றோர், பாட்டி, ஆசிரியர், தற்போது குழந்தையை வைத்திருக்கும் வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பத்தார் ஆகியோரைச் சந்திக்கிறார்; குழந்தையை மாதம் ஒருமுறையேனும் நேரில் கண்டு, கண்டதையும் தம் பரிந்துரையையும் எழுதி நீதிபதியிடம் தருகிறார். முடிவு நீதிபதியுடையது. வழக்கு நடக்கும் ஓரிரு ஆண்டுகளில் சமூகப் பணியாளர் மாறுவார், வழக்கறிஞர் மாறுவார், குழந்தை தங்கும் வீடும் பள்ளியும் மாறும். சார்பாளர் மாறாமல் இருக்கவேண்டும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. கெரியின் முகவர் பெற்றிருந்த அதிகாரங்களில் பார்ப்பதையும் எழுதுவதையும் தவிர மற்ற அனைத்தும் இவரிடமிருந்து நீக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

திட்டம் விரைவாகப் பரவியது. பல நகரங்களில் தேசிய யூதப் பெண்கள் மன்றத்தின் கிளைகள் அதைத் தொடங்கி நடத்தின. 1982-இல் தேசியச் சங்கம் அமைந்தது. 1983-இல் வட கரோலினா மாநிலம் தன்னார்வலரையும் வழக்கறிஞரையும் இணையாக நியமிக்கும் முறையைச் சட்டமாக்கியது. 1990-இல் மத்திய அரசு இதற்கு நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றியது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1996-இல் செய்த திருத்தம், வழக்குக் காப்பாளர் வழக்கறிஞராகவோ இத்தகைய தன்னார்வலராகவோ இருக்கலாம் என்று வெளிப்படையாக ஏற்றது.

எனினும் நியூயார்க் சங்கத்தைத் தொடர்ந்த நிழல் இதையும் விட்டுவிடவில்லை. சார்பாளர்களில் பெரும்பாலோர் வசதியுள்ள வெள்ளையினப் பெண்கள். வழக்குக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை வறியவை, அவற்றில் கறுப்பினக் குடும்பங்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு மிஞ்சியவை. நெரிசலான வீடு, காலியான குளிர்பதனப் பெட்டி, இரவு வேலைக்குப் போகும் தாய் ஆகியவற்றை ஒருவர் வறுமையாகக் காண்பார், மற்றொருவர் புறக்கணிப்பாக எழுதுவார். பழங்குடிக் குழந்தைகளில் 25 முதல் 35 விழுக்காட்டினர் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததை ஆய்வுகள் காட்டியதன் விளைவாக 1978-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது, நல்லெண்ணம் கொண்ட அயலாரின் கண் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்குப் பெரிய சான்று. 2004-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, சார்பாளர் இருந்த குழந்தைகள் வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டது அதிகம் என்றும், கறுப்பினக் குழந்தைகளுக்குச் சார்பாளர்கள் செலவிட்ட நேரம் குறைவு என்றும் கண்டது. டெக்சஸ் மாநில ஆய்வொன்றும் சார்பாளர் உள்ள குழந்தைகள் பெற்றோரிடம் திரும்புவது குறைவாகவும் தத்துக்குப் போவது கூடுதலாகவும் இருப்பதைச் சுட்டியது. கடினமான வழக்குகளுக்கே நீதிபதிகள் சார்பாளரை நியமிப்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்கமுடியாது என்ற மறுமொழியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்த மறுமொழியே திட்டத்தின் பயனை நிறுவிவிடாது. வெள்ளையர் அல்லாதாரையும் ஆண்களையும் சேர்க்கும் முயற்சியும், பழங்குடி நீதிமன்றங்கள் தங்கள் மக்களிலிருந்தே சார்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கண்டனங்களுக்குப் பின் வலுப்பெற்றவை.

இந்தியாவில் இதற்கு நேர் இணையான அமைப்பு இல்லை. 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு செயல்திட்டமாகத் தொடங்கிய 1098 தொலைபேசிச் சேவை குழந்தையின் குரலை வெளியே கொண்டுவந்தது. 2012-இன் போக்சோ சட்டத்தின் விதிகள், பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தைக்கு விசாரணை முடியும்வரை துணைநிற்க உதவி நபர் ஒருவரைக் குழந்தைகள் நலக்குழு அமர்த்த வழி செய்தன. 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை உறுதியாக நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது. ஆனால் உதவி நபரின் வேலை குழந்தைக்குத் துணையாக இருப்பதும் வழக்கின் நிலையை விளக்குவதுமே. குழந்தை எங்கே வாழவேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைப்பது அவர் வேலையன்று. புறக்கணிப்பு மட்டுமே முறையீடாக உள்ள வழக்கில் போக்சோ விதிகளின் அந்த உதவி நபரும் இல்லை.

சியாட்டிலில் தொடங்கிய முறை இன்று ஏறத்தாழ எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் சார்பாளர் கிடைப்பதில்லை. போதிய ஆட்கள் முன்வராத ஊர்களில் எந்தக் குழந்தைக்கு ஒருவரைத் தருவது என்பதை நீதிபதியே தேர்ந்தெடுக்கிறார், எஞ்சிய குழந்தைகளின் வழக்குகள் கோப்பை வைத்தே முடிவாகின்றன.